கட்சிக்குள் ஒரு தனி ஓட்டு

அரசாங்கம் ஒதுங்கி நின்றாலே மனிதர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிற ஒருவர், அரசாங்கத்தைப் பிடிக்கத் துடிக்கும் பெரிய கட்சியில் எப்படிக் காலம் தள்ளுவார்? அமெரிக்காவின் ரான் பாலை வைத்துச் சொன்னால் விளங்கிவிடும்.

டெக்சாஸில் லேக் ஜாக்சன் என்ற சிற்றூரில் அவர் பிரசவ டாக்டராக இருந்தார். நாலாயிரம் குழந்தைகளுக்கு மேல் அவர் கையில் பிறந்திருக்கின்றன. வரி குறைய வேண்டும், வெளிநாட்டுச் சண்டை நமக்கு வேண்டாம், ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை; லிபர்டேரியன் என்பார்கள். 1971 ஆகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்சன், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். அந்த முடிவுதான் டாக்டரை அரசியலுக்கு இழுத்தது. 1976-ல் ஓர் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்துக் காங்கிரஸ் சபைக்குப் போனார்.

தன் கட்சிக்காரரான ஜனாதிபதி ரீகனின் ஆட்சியில் பற்றாக்குறை ஏறிக்கொண்டே போனதைப் பொறுக்காமல் 1987-ல் கட்சியை விட்டார். மறு வருடம் லிபர்டேரியன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். கிடைத்தது சுமார் 4,32,000 ஓட்டு. நூற்றுக்கு அரைகூட இல்லை. கொள்கை சுத்தமாக இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவருக்கே எல்லாம் என்கிற முறையில் மூன்றாவது கட்சிக்கு இதுதான் கதி. பல மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர் ஏறுவதற்கே கையெழுத்துகள் திரட்டியாக வேண்டும்.

ஆகவே 1996-ல் பழைய கட்சிக்கே திரும்பி வந்தார். கட்சித் தலைமை அவரை விரும்பவில்லை. அப்போதுதான் ஜனநாயகக் கட்சியிலிருந்து தாவி வந்திருந்த கிரெக் லாஃப்லினுக்குத்தான் அதன் ஆதரவு. பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்துவிட்டுத்தான் பால் வேட்பாளரானார். இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சீட்டு கொடுப்பது தலைமை. 1985-ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொல்லை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். அங்கே சீட்டு கொடுப்பவர் வாக்காளர். டெக்சாஸில் அவர் கட்சி உறுப்பினராகப் பதிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தலைமை முறைத்துப் பார்க்கலாம், சபையிலிருந்து இறக்க முடியாது.

அந்தப் பலத்தில்தான் பால் ஓட்டுப் போட்டார். 2002-ல் ஈராக் போருக்கு எதிராகக் கீழ்ச்சபையில் கைதூக்கிய குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர் இவர். 1999-ல் கறுப்பர் உரிமைப் போராளி ரோசா பார்க்ஸுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்க சபையே ஒப்பியபோது எதிர்த்த ஒரே ஓட்டு இவருடையது. வரிப்பணம் வேண்டாம், ஆளுக்கு நூறு டாலர் சொந்தப் பையிலிருந்து போடுவோம், நானும் தருகிறேன் என்றார். அந்தப் பதக்கம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் அளவுகோலை ஆளுக்கு ஆள் மாற்றாத அந்தப் பிடிவாதத்தை மதிக்கிறேன்.

இதற்கு விலை உண்டு. அவர் கொண்டுவந்த மசோதாக்கள் அறுநூறுக்கு மேல். சட்டமானது ஒன்றே ஒன்று. கால்வெஸ்டனில் ஒரு பழைய சுங்கக் கட்டடத்தை விற்பது பற்றியது அது.

விஷயம் சிக்கலாவது தொகுதி நிதியில்தான். அவருடைய தொகுதி மெக்சிகோ வளைகுடாக் கரையோரம். இறால் பிடிப்பவர்கள் நிறைய. செலவு மசோதாவில் இறால் தொழிலுக்கு, தொகுதி வேலைகளுக்கு என்று பணம் கேட்டு எழுதிச் சேர்ப்பார். மசோதா ஓட்டுக்கு வரும்போது எதிர்த்துப் போடுவார். மசோதா எப்படியும் நிறைவேறும், பணம் ஊருக்கு வந்து சேரும். கேட்டால் பதில் வைத்திருந்தார்: வருமான வரியே கூடாது என்கிறவனும் சட்டம் தரும் வரிச்சலுகையை விடுவதில்லையே, என் தொகுதி மக்கள் கட்டிய பணம், நான் கேட்காவிட்டால் அதிகாரிகள் வேறெங்காவது செலவழிப்பார்கள். முதல் பாதியை ஏற்கிறேன். ஆனால் மற்றவர்கள் ஆதரித்து மசோதாவைக் கரையேற்றினால்தான் இவருடைய எதிர்ப்பு ஓட்டுக்கு நஷ்டம் வராது. எல்லோரும் இவரைப் போலவே ஓட்டுப் போட்டிருந்தால் இறாலுக்கு ஒரு காசும் வந்திராது. கொள்கையின் செலவைப் பக்கத்து நாற்காலிக்காரர் கட்டினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் உள்ளே இருந்ததால் மட்டுமே நடந்த காரியமும் ஒன்று உண்டு. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்லி 2009-ல் அவர் வைத்த மசோதாவுக்கு, இரண்டு கட்சியிலுமாக முந்நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2010 நிதிச் சீர்திருத்தச் சட்டத்தில் அதில் ஒரு துண்டு இடம்பெற்றது. நெருக்கடிக் காலத்தில் எந்த வங்கிக்கு எவ்வளவு கடன் போனது என்பது அதன் பிறகு வெளியே வந்தது. 2012-ல் முழு மசோதாவும் 327-க்கு 98 என்று கீழ்ச்சபையில் தேறியது. செனட் அதைத் தொடவில்லை. 1988-ல் மேடை மேடையாகப் பேசியும் இதில் கால்வாசி நகரவில்லை.

அதே கொள்கைக்காரரான மிச்சிகன் காங்கிரஸ் உறுப்பினர் ஜஸ்டின் அமாஷ் வேறு வழியில் போனார். தான் போட்ட ஓட்டுக்கெல்லாம் காரணம் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டவர் அவர். 2019 ஜூலை 4 அன்று குடியரசுக் கட்சியை விட்டார். மறு வருடம் லிபர்டேரியன் கட்சியில் சேர்ந்து, காங்கிரஸில் அந்தக் கட்சியின் முதல் உறுப்பினரானார். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. 2024-ல் செனட் ஆசையோடு அவர் வந்து நின்றது குடியரசுக் கட்சியின் அதே பிரைமரியில்தான். தோற்றுப்போனார்.