பொங்கி வழியும் சோப்பு

சித்திரை வெயிலில் இட்லி மாவைப் பாத்திரம் நிறைய ஊற்றி வைத்தால், காலையில் சமையல் மேடையெல்லாம் மாவு. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அதற்கென்றே அடியில் ஒரு தாம்பாளம் வைப்போம். நுண்ணுயிர்களைக் கொண்டு சோப்பு தயாரிப்பவர்களுக்கும் இதே தொல்லை. பாத்திரம்தான் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் எஃகுக் கலன்.

இந்தப் பாடு எதற்கு? 2019 டிசம்பரில் மெரினா, பட்டினப்பாக்கம் கரைகளில் நுரை குவிந்ததே, அதற்குச் சாக்கடையோடு கடலில் கலந்த சலவைத்தூளும் ஒரு காரணம். நுண்ணுயிர் தரும் சோப்பு எளிதில் மக்கிவிடும்.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா சுரக்கும் சர்ஃபாக்டின் என்ற சோப்பு 1968இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அதன் மூலக்கூறின் ஒரு பக்கம் நீரோடு ஒட்டும், மறுபக்கம் நீரை விட்டு விலகும். அதனால் நீரின் மேற்பரப்பில் போய் அணிவகுத்து நிற்கும். மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனாக இருக்கும் நீரின் பரப்பு இழுவிசை 27க்கு இறங்கிவிடும். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் செய்கிற வேலைதான், அதைவிட வீரியமாக.

பாக்டீரியா மூச்சுவிடக் கலனின் அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். ஒவ்வொரு குமிழியும் சர்ஃபாக்டினைப் போர்த்திக்கொண்டு மேலே வரும், உடையாது. நுரை ஏறி ஏறிக் காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்து அடைத்துவிடும். வேண்டாத கிருமி உள்ளே நுழைய அந்த ஈரமே வழி.

பருப்பு பொங்கினால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோமே, ஆலையிலும் அதே வைத்தியம்தான்: சிலிக்கோன் எண்ணெய். ஆனால் எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைப்பதுதானே சோப்பின் பிழைப்பு! விட்ட எண்ணெயை அது கரைத்துக்கொள்ள, மேலும் மேலும் விட வேண்டியிருக்கும். காற்று நீரில் கரைவதும் குறையும். கடைசியில் சரக்கிலிருந்து அந்த எண்ணெயைப் பிரிப்பது தனிச் செலவு.

1981இல் கனடாவில் கூப்பர் என்ற ஆய்வாளரின் குழுவினர் தாம்பாளம் வைத்தார்கள் என்றே சொல்லலாம். நுரையை அடக்காமல் குழாய் வழியே வெளியே வழியவிட்டுப் பிடித்தார்கள். தேடிய சரக்கே அதில்தான் திரண்டிருந்தது, விளைச்சலும் கூடியது. நுரையை அடங்கவிட்டு அமிலம் சேர்த்தால் சர்ஃபாக்டின் வீழ்படிவாக இறங்கும். நுரையோடு பாக்டீரியாவும் வெளியேறுவதுதான் இதில் சிக்கல்.

ஒருவகை ஈஸ்ட் தரும் சோஃபோரோலிப்பிட் என்ற இன்னொரு சோப்பு அவ்வளவாக நுரைப்பதில்லை, ஆலைக்கு நிம்மதி. ஜப்பானில் அதைக் கொண்டு பாத்திரம் கழுவுகிறார்கள். அழுக்குப் போக நுரை தேவையில்லைதான். ஆனாலும் நுரைக்காத சோப்பை எங்கள் வீட்டில் நம்ப மாட்டார்கள்.