தவிர்த்தல் என்னும் கந்துவட்டி

2023-ஆம் ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில், நாற்பது ஆண்டுக்கால நண்பர் ஒருவர் மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆறாவது மாடியில் அனுமதிக்கப்பட்டிருந்தார். என்னுடன் ஒரே துறையில் பணியாற்றியவர். அவரைப் பார்க்கச் சென்ற நான் தரைத்தளத்தில் லிஃப்ட் முன்பாக நின்றேன். கதவு நான்கு முறை திறந்து மூடியது. என்னால் உள்ளே காலெடுத்து வைக்க இயலவில்லை. முழங்கால் தேய்மானத்தால் ஆறு மாடி படியேறவும் வழியில்லை. கொண்டுபோன மாதுளம்பழங்களை வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, நாளை வருகிறேன் என்று கைப்பேசியில் அவரிடம் பொய் சொன்னேன். மறுநாளும் போகவில்லை. நான்காம் நாள் அவர் காலமானார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். நிகழ்தகவு, இடர் மதிப்பீடு, பகுத்தறிவுள்ள மனிதனின் தேர்வு ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி விளக்கியவன். அப்படிப்பட்டவனுக்கு இரும்புப் பெட்டி ஒன்றின் மீது வந்த அச்சத்தையும், அதிலிருந்து பெரும்பாலும் என் முயற்சியாலேயே மீண்ட கதையையும் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். வேறு யாரோ ஒருவர் இன்று வேறொரு கதவின் முன் நின்றுகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

தமிழகத்தில் மின்வெட்டு உச்சத்திலிருந்த 2012-ஆம் ஆண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் உண்டு. அப்படியொரு பிற்பகலில் வணிக வளாகம் ஒன்றின் லிஃப்டுக்குள், இரு தளங்களுக்கு நடுவே, இருட்டில் நாற்பது நிமிடங்கள் தனியாக அகப்பட்டுக்கொண்டேன். உடலுக்கு ஒன்றும் நேரவில்லை. காவலாளி கதவை நெம்பித் திறந்தபோது சட்டை நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால், அடுத்த வாரம் கல்லூரியின் புதிய கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். அந்தக் கணத்தில் கிடைத்த நிம்மதி இருக்கிறதே, என் நோயை வளர்த்தது அதுதான்.

அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1940-களிலேயே இதை விளக்கியிருக்கிறார். ஓர் அனுபவத்தால் அச்சம் பிறக்கிறது. அதைத் தவிர்க்கும்போதெல்லாம் கிடைக்கும் நிம்மதி, தவிர்க்கும் பழக்கத்துக்குப் பரிசாக அமைந்து அந்த அச்சத்தை உயிரோடு வைத்திருக்கிறது. பொருளாதார மாணவனாகிய எனக்கு இது கந்துவட்டியாகவே தெரிகிறது. கேட்ட மாத்திரத்தில் பணம் கைக்கு வருகிறது. எந்தப் பத்திரமும் வேண்டாம். அசல் மட்டும் அடைவதே இல்லை. வட்டி குட்டி போடுகிறது. முதலில் லிஃப்டை மட்டும் தவிர்த்தேன். பிறகு மாடியில் நடக்கும் கூட்டங்களைத் தவிர்த்தேன்; கருத்தரங்க அழைப்பு வந்தால் அரங்கம் எத்தனையாவது தளம் என்று விசாரித்தேன். சென்னையில் மகள் பதினோராவது மாடியில் வீடு வாங்கியபோது, புதுமனை புகுவிழாவுக்கு மனைவியை மட்டும் அனுப்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று உபதேசம் வேறு. கடைசியில் நண்பரின் மரணப்படுக்கை வரை வட்டி வந்து நின்றது.

எல்லா அச்சமும் நோயன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்பது வள்ளுவரின் கருத்து. வயலில் பாம்புக்கு அஞ்சும் விவசாயி நோயாளி அல்லர். உண்மையான ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில், ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும் அச்சத்தைத்தான் மருத்துவர்கள் ஃபோபியா என்கின்றனர். உயரம், நாய், பல்லி, ஊசி, இருட்டு, மூடிய அறை எனப் பொருள்தான் மாறுகிறது; உள்ளே இயங்கும் பொறி பெரிதும் ஒன்றே.

அந்தப் பொறி தர்க்கத்துக்குக் கட்டுப்படாது என்பதே நான் கற்ற முதல் பாடம். லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. கூண்டு ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் உண்டு. அளவுமீறிய வேகத்தில் இறங்கினால் தண்டவாளத்தைக் கவ்விப்பிடிக்கும் தடுப்பு உண்டு. கயிறு அறுந்தாலும் கூண்டு விழாது என்பதை 1854-இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் தானே மேடையில் நின்று கயிற்றை வெட்டச் செய்து காட்டினார். கூண்டுக்குள் காற்றோட்டத்துக்கு இடைவெளிகளும் உண்டு. இவ்வளவும் தெரிந்தும் கதவு திறந்தால் கால் நகரவில்லை. 'இவ்வளவு படித்தவர், இதற்குப் போய்...' என்று பிறர் சொல்லும்போது வெட்கம் கூடியதேயன்றி அச்சம் ஒரு மாத்திரையும் குறையவில்லை.

அச்சத்துக்கு அறிவைவிட அனுபவமே மருந்து என்பதைப் பலர் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றனர். ஜெர்மானியக் கவிஞர் கெதே 1770-71-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சட்ட மாணவராக இருந்தபோது உயரம் என்றால் தலைசுற்றும். அவர் அந்நகரப் பேராலயத்தின் கோபுரத்தில் தனியே ஏறி நின்று, அச்சம் மரத்துப்போகும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 142 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் அன்றைய உலகிலேயே மிக உயர்ந்தது. 1924-இல் அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் உண்ணும் வேளையில் முயல் கூண்டைச் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டு வந்தார். இறுதியில் அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். 1950-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார்.

எனக்கு வழிகாட்டியவர் லண்டன் மனநல மருத்துவர் ஐசக் மார்க்ஸ். 'அச்சத்துடன் வாழ்தல்' என்று பொருள்படும் தலைப்பில் 1978-இல் அவர் எழுதிய நூல், பழைய நூலகம் ஒன்றின் அலமாரியில் கிடைத்தது. 1980-களில் அவருடைய குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். ஃபோபியா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவர் நேரிலும், மற்றொரு பகுதியினருக்கு அந்த நூலும், இன்னொரு பகுதியினருக்குக் கணினியும் பயிற்சி முறையைச் சொல்லித்தந்தன. மூன்று பிரிவினருமே நன்கு முன்னேறினர். பயிற்சியை யார் சொல்லித்தந்தாலும் செய்ய வேண்டியவர் நோயாளிதானே!

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தேன். எனக்கு அச்சம் தரும் நிலைகளைப் பட்டியலிட்டு, வோல்ப் வகுத்தபடி பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் இட்டேன். திறந்த லிஃப்ட் கதவின் எதிரே நிற்பது 30. உள்ளே கால் வைத்து உடனே வெளிவருவது 45. மனைவியுடன் ஒரு தளம் ஏறுவது 60. தனியாக ஒரு தளம் 75. மகள் வீட்டின் பதினோரு தளங்கள் தனியாக 95. முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் அச்சம் பாதிக்கும் கீழாகக் குறையும் வரை நிற்க வேண்டும். பாதியில் ஓடக் கூடாது. ஓடினால் அது மீண்டும் கடன்.

எங்கள் தெருக்கோடியில் ஐந்து மாடி அடுக்ககத்தில் என் தம்பி குடியிருக்கிறான். அங்கேதான் பயிற்சி. முதல் நாள் கதவின் எதிரே இருபத்தைந்து நிமிடம் நின்றேன். காவலாளி இருமுறை வந்து, "யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?" என்று கேட்டார். எனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

உடல் செய்யும் வேலையைக் கவனிப்பது பேருதவியாக இருந்தது. அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது, கை வியர்க்கிறது, மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது. இது ஏறிக்கொண்டே போய் உயிரைக் குடித்துவிடும் என்று மனம் சொல்கிறது. உண்மையில், உச்சத்தைத் தொட்டபின் அது தானே இறங்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் முன் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்பதையும், வெளியே வந்தபின் 'என்ன நடந்தது' என்பதையும் எழுதினேன். மூச்சடைத்து மயங்கி விழுவேன் என்று பதினேழு முறை முன்கணித்திருக்கிறேன். ஒருமுறையும் விழவில்லை. எந்தப் பொருளாதார அறிஞரின் முன்கணிப்பும் இத்தனை முறை தொடர்ந்து பொய்த்திருக்காது.

சறுக்கல்களும் உண்டு. மூன்றாம் வாரம், இரண்டாம் தளத்தருகே மின்சாரம் போய் ஜெனரேட்டர் இயங்கும் வரை சில நொடிகள் கூண்டு நின்றது. கதவு திறந்ததும் வெளியே பாய்ந்தவன் நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நல்லவேளையாகத் தொடக்கத்திலேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். சுயக்கட்டுப்பாட்டைப் பற்றி நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் நிறைய எழுதியிருக்கிறார். இன்றைய நான் நாளைய நானை நம்பக் கூடாது, முன்கூட்டியே கட்டிப்போட வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி தம்பியிடம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, பயிற்சி தவறும் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்நூறு எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். "அண்ணே, ரெண்டாயிரம் ஆயிருச்சு" என்று அவன் ஐந்தாம் நாள் காலையில் தொலைபேசியில் சிரித்தபோது செருப்பை மாட்டினேன்.

பழைய அச்சம் அழிவதில்லை, அதன் அருகே புதிய நினைவு ஒன்று வளர்ந்து அதனை அடக்குகிறது என்கிறது அண்மைக்கால ஆய்வு. ஆகவே, ஒரே லிஃப்டில் பழகினால் போதாது. வெவ்வேறு கட்டடம், வெவ்வேறு நேரம், கூட்டம், தனிமை என்று மாற்றிப் பழக வேண்டும். இன்னொன்றும் உண்டு. நான் கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டும், தண்ணீர் பாட்டிலைச் சுமந்துகொண்டும் ஏறிக்கொண்டிருந்தேன். அவை இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் கணக்கெழுதிக்கொள்ளும். அந்த ஊன்றுகோல்களையும் ஒவ்வொன்றாக விட வேண்டியிருந்தது. ஏறும் முன் பதற்றம் தணிக்கும் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பழக்கமாகிவிடும் ஆபத்தும் அதில் சேர்கிறது.

ஊசிக்கும் இரத்தத்துக்கும் அஞ்சுவோர் ஒரு விதிவிலக்கு. இவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் சற்று ஏறிப் பின் சட்டென்று இறங்குவதால் உண்மையாகவே மயக்கம் வரும். இதற்கெனச் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரன் ஓஸ்ட் 1980-களில் ஓர் உத்தியை உருவாக்கினார். கை, கால், உடல் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடிகள் முறுக்கி, முகத்தில் சூடேறுவதை உணர்ந்ததும் இருபது முப்பது நொடிகள் இயல்பாக விட வேண்டும். இப்படி ஐந்து முறை. இரத்தப் பரிசோதனைக்கே போகாமல் சர்க்கரை நோயை வளர்த்துக்கொண்டவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தன்முயற்சிக்கு எல்லையும் உண்டு. இதய நோய், வலிப்பு உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மனச்சோர்வு, மது, பெரும் வன்முறையின் நினைவு ஆகியவற்றோடு பின்னிய அச்சத்துக்கு நோட்டுப்புத்தகம் போதாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டார் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நீச்சல் பழகக் குழந்தையைக் கிணற்றில் தூக்கி எறிவது நம் ஊர் வழக்கம். சிலர் நீந்திக் கரையேறினர். சிலர் ஆயுள் முழுவதும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. அந்தச் சிலரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. இருட்டுக்கு அஞ்சும் பிள்ளையை இருட்டறையில் பூட்டுவதும் அப்படித்தான். படியைத் தேர்ந்தெடுப்பவர் அஞ்சுபவராகவே இருக்க வேண்டும். என் மனைவி ஒருமுறையும் என்னைத் தள்ளவில்லை; நான் பாதியில் திரும்ப நினைத்தபோது, "இன்னும் அஞ்சு நிமிஷம் நிக்கலாமே" என்பார், அவ்வளவே.

தொடங்கிய பதினொன்றாவது வாரத்தில் மகள் வீட்டுக்குத் தனியாக ஏறினேன். பேத்தி கதவைத் திறந்து, தாத்தா ஏன் இப்படி வியர்த்திருக்கிறார் என்று அவள் அம்மாவைக் கேட்டாள். 95 என்று மதிப்பிட்டிருந்த அந்தப் பயணம் அன்று 50-இல் முடிந்தது, இப்போது 15. பூஜ்யம் ஆகவில்லை, ஆகும் என்றும் எதிர்பார்க்கவில்லை. நோட்டின் கடைசி வரியில் நண்பர் இருந்த அந்த மருத்துவமனையின் பெயரும், 'ஆறாவது மாடி' என்ற குறிப்பும் இருக்கின்றன. அங்கே எனக்கு இப்போது பார்க்க யாரும் இல்லை. ஆயினும் அந்த வரிக்கு எதிரே இன்னும் மதிப்பெண் எழுதவில்லை; வரும் வாரம் போகலாம் என்றிருக்கிறேன்.