வெள்ளைக் குட்டி பிழைக்குமா?

அமெரிக்கப் பெயின்ற் இனத்தில் முழு வெள்ளையாய் ஒரு குதிரைக்குட்டி பிறந்தால், விடயமறிந்த பண்ணையாளர் முதலில் எதிர்நோக்குவது அதன் இலத்தியையே. காரணமுண்டு.

சபினோ என்னும் கோலத்திற் கால்களிலிருந்து வெண்மை மேலேறும். முகம் அகல வெளுக்கும். வயிற்றுத் திட்டுகளின் கிழிந்த ஓரங்களில் வெண்மயிரும் நிறமயிரும் விரவி நிற்கும். உண்மையான ரோன் குதிரைக்கோ உடல் மட்டுமே நரைத்திருக்கும்; தலையும் கால்களும் நிறம் மாறா. சபினோவின் ஒரு வகைக்குக் கிட் என்னும் மரபணுவின் மாற்றமே காரணமென 2005இல் அறிந்தனர். அதனைத் தாய் தந்தை இருவரிடமும் பெற்ற குட்டி ஏறக்குறைய முழு வெள்ளை. எனினும் நலமாய் வாழும்.

பிறேம் ஓவரோ என்னும் கோலமோ அத்தகையதன்று. அதனை இருபுறமும் பெற்ற குட்டியும் வெள்ளையே. நீலக் கண்களுடன் எழுந்து நின்று பாலும் குடிக்கும். நிறவணுக்களும் குடலின் நரம்பணுக்களும் கருவில் ஒரே மூலத்திலிருந்து புறப்படுவன. இக்குட்டிக்கோ இரண்டும் உரிய இடஞ் சேர்வதில்லை. மலங்கழியாது, வயிறு நொந்து, சில நாட்களுள் மாண்டுவிடும். மருந்தில்லை.

இக்குறையின் மரபணுவை 1998இல் கண்டுபிடித்தனர். அதைச் சுமக்கும் இரு குதிரைகளைச் சேர்த்தால் நான்கிலொரு குட்டிக்கு இக்கதி நேரலாம். வெண்மை மிகக் குறைந்த குதிரையும் அதைச் சுமக்கக்கூடும், கண்ணுக்குத் தெரியாது; பிடரிமயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி அனுப்பினால் ஆய்வுகூடம் சொல்லிவிடும்.