மேடைக்குப் பின்னால் – 14
எத்தனை மீட்டர் அல்ல, எத்தனை பேர்

வயர்லெஸ் இன்டர்காம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை மீட்டர் எடுக்கும்?” என்றுதான். விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் இருப்பதும் அதே எண்தான். நான் அதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். வெட்டவெளியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கும் கருவி, கான்கிரீட் சுவரும் இரும்புச் சட்டங்களும் சூழ்ந்த அரங்குக்குள் 50 மீட்டரிலேயே திணறலாம். விஷயமெல்லாம் பொடி எழுத்தில் கிடக்கும் சொற்களில் இருக்கிறது.

முதலில் டூப்ளெக்ஸ். வாக்கி டாக்கி, ஹாஃப் டூப்ளெக்ஸ் வகை: பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளி சொல்வது நம் காதில் விழாது. மேடை மேலாளர் பொத்தானை அழுத்தியபடி, “திரையை இறக்குங்க” என்கிறார். திரைக்கு நேர் கீழே ஒரு நடிகர் நிற்பதை உதவியாளர் பார்த்துவிட்டு, “வேண்டாம், நிறுத்துங்க!” என்று கத்துகிறார். கேட்க வேண்டியவருக்கு மட்டும் அது கேட்காது. ஃபுல் டூப்ளெக்ஸில் தொலைபேசியைப் போல இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், குறுக்கிடலாம். தலைக்கு மேல் பாரம் ஏறி இறங்கும் எந்த மேடையிலும் இதை வசதி என்று நினைக்கக் கூடாது. பாதுகாப்பு என்றே கொள்ள வேண்டும்.

அடுத்தது பார்ட்டி லைன். ஒரே இணைப்பில் இருக்கும் அத்தனை பேரும் எல்லார் பேச்சையும் கேட்பார்கள். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கிளியர்-காம் நிறுவனம், காதைப் பிளக்கும் ராக் கச்சேரிகளின் நடுவே வேலை செய்பவர்களுக்காக இதைக் கம்பிவழியே ஏற்படுத்திக் கொடுத்தது. கம்பி இருந்தவரை, இன்னொரு ஆள் வந்தால் இன்னொரு பெட்டியைச் செருகினால் முடிந்தது. காற்றில் அப்படி முடியாது.

காரணம் டெக்ட். வீட்டுக் கார்ட்லெஸ் போனுக்காக ஐரோப்பாவில் உருவான இந்தத் தரத்தில்தான் இன்று பல வயர்லெஸ் இன்டர்காம்கள் இயங்குகின்றன. (நம் ஊரில் இதற்கு வேறொரு வாழ்க்கையும் இருந்தது. கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் தொலைபேசி கொடுக்க, சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இதே தரத்தை வைத்துத்தான் ‘கார்டெக்ட்’டை உருவாக்கினார்கள்.) டெக்ட் நேரத்தை 10 மில்லி விநாடிகளாக வெட்டி, அந்த ஒவ்வொன்றையும் 24 துண்டாக்குகிறது. அந்தத் துண்டுதான் ‘ஸ்லாட்’. பேச ஒன்று, கேட்க ஒன்று என்றால் ஓர் அலைவரிசையில் 12 உரையாடல்கள். இட்லித் தட்டில் எத்தனை குழியோ அத்தனை இட்லிதான். மாவு எவ்வளவு இருந்து என்ன?

ஐரோப்பாவில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கு 10 அலைவரிசைகள். அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரை ஐந்துதான். வெளிநாட்டிலிருந்து பழைய செட்டை மலிவாக வாங்கி வருகிறவர்கள் அது எந்த நாட்டுக்காகச் செய்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குரல் துல்லியமாகக் கேட்க வேண்டுமானால் ஒருவருக்கே அதிக ஸ்லாட் போகும். அதனால் கையில் கிடைக்கும் எண் 12ஐவிடக் குறையும். கிளியர்-காமின் ஃப்ரீஸ்பீக் 2வில் ஒருவகை 1.9 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ஒன்றுக்கு 5 பெல்ட் பேக் (இடுப்பில் மாட்டும் பெட்டி). ரீடல் நிறுவனத்தின் பொலேரோவில் 10. ‘மொத்தம் இத்தனை பேர்’ என்று முன்பக்கத்தில் போட்டிருப்பது பல ஆன்டெனாக்களைக் கூட்டிச் சொன்ன கணக்கு.

மற்ற சொற்கள் அவ்வளவு மிரட்டாது. போகும் ஒலியும் வரும் ஒலியும் தனித்தனிப் பாதையில் சென்றால் ஃபோர் வயர். ஒரே பாதையில் சென்றால் டூ வயர். தொலைக்காட்சி அறிவிப்பாளர் காதில் நிகழ்ச்சி ஒலி ஓடிக்கொண்டிருக்க, தயாரிப்பாளர் இடையில் புகுந்து பேச வழிசெய்வது ஐஎஃப்பி. சைட்டோன் என்பது நம் குரலே நம் ஹெட்செட்டில் கேட்பது. அது இல்லாவிட்டால் ஆட்கள் தம்மை அறியாமல் கத்தத் தொடங்குவார்கள்.

ஆன்டெனாவை வைக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆளுக்கொரு மூலையில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். இடைவேளையில் அத்தனை பேரும் மேடையின் இடப்பக்கம் டீ குடிக்கக் கூடுவார்கள். அங்கே ஐந்து பேருக்கான ஆன்டெனா ஒன்றுதான் இருக்கிறதென்றால், ஆறாவதாக வருபவரின் பெட்டி வாயடைத்துப் போகும். ஆட்கள் கூடும் பக்கத்தில், ஒன்றன் எல்லைக்குள் இன்னொன்று வரும்படி இரண்டு ஆன்டெனா வைக்கச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: ஹெட்செட்டில் ஒரு காதா, இரண்டு காதா?)