பிஹெச்.டி. சீட் எங்கே கிடைக்கும் பாஸ்?

'ஃபிசிக்ஸ்ல பிஹெச்.டி. பண்ணப்போறேன்'னு வீட்டில் சொல்லிப் பாருங்க. 'வேலை கிடைக்கலையாப்பா?'ன்னு பக்கத்து வீட்டு மாமி வரை விசாரிப்பாங்க. ஆனா, ஆராய்ச்சிக்கு இடம் தேடுறதில் நம்ம சிங்காரச் சென்னைக்குத் தனி ஹிஸ்டரியே இருக்கு.

1913. ராமானுஜன் துறைமுக ஆபீஸில் 30 ரூபாய் சம்பள கிளார்க். கையில் டிகிரி கிடையாது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. வேணும்னு ரூல். சென்னைப் பல்கலைக்கழகம் அந்த ரூலைத் தளர்த்தி மாசம் 75 ரூபாய் கொடுத்தது. மூணு மாசத்துக்கு ஒருதரம் ரிப்போர்ட் தரணும், அவ்வளவுதான் கண்டிஷன்.

அடுத்த கதை மயிலாப்பூர். பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய அல்லாடி ராமகிருஷ்ணன், லஸ்ஸில் இருந்த தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி செமினார் நடத்தினார். போர்டு, பெஞ்சு, காபி... பட்ஜெட் ஏதும் இல்லை. 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்து பார்த்தார். சும்மா போகலை மனுஷர், டெல்லியில் போய் இந்தச் சின்னக் கூட்டத்தைப் புகழ்ந்து பேசினார். நேரு காதுக்கும் விஷயம் போச்சு. 1962 ஜனவரி 3-ல் மேட்சயின்ஸ் பிறந்தது. இப்போ தரமணியில் இருக்கே, அதேதான்! தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டில் ஜவுளிக்கடை கூட்டத்துக்குப் பக்கத்தில், சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் ஆரம்பிச்ச கணித மையம்தான், இன்னைக்கு சிறுசேரியில் இருக்கிற சி.எம்.ஐ.

சரி, நமக்கு எப்படி? மேட்சயின்ஸில் ஃபிசிக்ஸுக்கு ஜெஸ்ட் பரீட்சை முக்கியம். சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் இரண்டும் ஊர் முழுக்க பல கதவுகளைத் திறக்கும். நாலு வருஷ டிகிரியில் 75 சதவிகிதம் இருந்தா நேரா பிஹெச்.டி.க்கு அப்ளை பண்ணலாம்னு 2022-ல் யு.ஜி.சி. விதி வந்தாச்சு. ஆனா அடையாறு பக்கம் ஐ.ஐ.டி., சி.எல்.ஆர்.ஐ.ன்னு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி கண்டிஷன். அறிவிப்பை முழுசா படிங்க.

பரீட்சையைவிடப் பெரிய விஷயம் கைடு. ஒரே மெயிலை 'ரெஸ்பெக்டட் சார்'னு அம்பது பேருக்குத் தட்டி விடுறவங்களுக்குப் பதில் வராது. வந்தாதான் ஆச்சரியம். அவரோட பேப்பர் ஒண்ணையாவது உருப்படியா படிச்சு, அதில் புரியாத இடத்தைக் கேட்டு நாலு வரி எழுதுங்க. அதுக்கப்புறம், அவர் லேபில் இருக்கிற சீனியரைப் பிடிச்சு டீ வாங்கிக் கொடுங்க. 'எத்தனை வருஷத்தில் முடிக்கிறாங்க? பாதியில் போனவங்க உண்டா? ஸ்டைபண்ட் மாசா மாசம் வருதா?' இதெல்லாம் வெப்சைட்டில் இருக்காது மச்சி, டீக்கடையில்தான் கிடைக்கும்.

காசு? 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்.ஆர்.எஃப். ஆனா 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஹாஸ்டல் ரூம் கிடைச்சா அந்தப் படி கிடையாது. அடையாறு வாடகை தெரிஞ்சவங்க ஹாஸ்டலுக்கே முதல்ல ஓடுவாங்க!