முன்சீப் வீட்டுப் பிள்ளையும் மூணு மணி நேரப் பள்ளிக்கூடமும்

இந்தியாவின் கவர்னர் ஜெனரல்கள் எங்கெங்கே பிறந்தார்கள் என்று ஒரு லிஸ்ட் போட்டுப் பாருங்கள். மவுண்ட்பேட்டன் பிறந்தது இங்கிலாந்தில், வின்ட்ஸரில், ராஜ குடும்பத்து மாளிகை ஒன்றில். 1948 ஜூன் மாதம் அவரிடமிருந்து அதே நாற்காலியை வாங்கிக்கொண்டாரே, அவர் பிறந்தது? கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி!

வின்ட்ஸர் எங்கே, தொரப்பள்ளி எங்கே! லிஸ்டில் கடைசிப் பெயர் இந்த ஊர்தான். அப்புறம் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். 1950 ஜனவரி 26-ல் குடியரசு வந்துவிட்டது.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளிக்குப் போகிற வழியில் முதலில் நம் காதுக்குத்தான் வேலை. இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திருப்பி, கன்னடத்தில் பார்க் பண்ணுவார்கள். டீக்கடையில் பெஞ்சுக்கு ஒரு பாஷை. சுற்றிலும் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்... கெலவரப்பள்ளி, பேகேபள்ளி, உத்தனப்பள்ளி. எல்லாம் பள்ளிதான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெலுங்கில் பள்ளி என்றால் கிராமம். கன்னடத்தில் அதுவே ஹள்ளி. ‘ஓசூர்’ என்பதே கன்னடத்தில் புது ஊர்தான்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாக்கி வைத்திருக்கிறது. அரண்மனை, தூண், தோட்டம் என்று கற்பனை பண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கிராமத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு. 1878 டிசம்பர் 10-ந் தேதி இங்கேதான் சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார், சிங்காரம்மா தம்பதிக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிள்ளை நோஞ்சான். பிழைக்குமா என்று பெற்றவர்கள் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டிருக்க வேண்டாம். 94 வயது வரைக்கும் இருந்து, 1972 கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் கண்ணை மூடினார்.

அப்பாவுக்கு உத்தியோகம், தொரப்பள்ளி கிராம முன்சீப். அந்தக் காலத்தில் முன்சீப் என்றால் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. வரி வசூல் அவர் கையில். பிறப்பு, இறப்பு அவர் நோட்டில். வரப்புத் தகராறு வந்தாலும் முதலில் அவர் திண்ணைக்குத்தான் வரும். சம்பளம் சொற்பம், மரியாதை பிரமாதம். இன்னொரு விசேஷம், அது பெரும்பாலும் பரம்பரை உத்தியோகம். அப்பா, அப்புறம் பிள்ளை, அப்புறம் பேரன். இந்தப் பரம்பரை மணியமெல்லாம் 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒரே உத்தரவில் ஒழிந்தது. அப்புறம் வந்தவர்தான் நம்ம வி.ஏ.ஓ.

பிள்ளை முதலில் தொரப்பள்ளிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது. ஐந்து வயசில் குடும்பமே ஓசூருக்கு வந்துவிட்டது. அங்கே அரசுப் பள்ளிக்கூடம். 1891-ல் மெட்ரிகுலேஷன். பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், பிறகு மெட்ராஸில் சட்டம். 1900-ல் சேலத்தில் வக்கீல். மீதிக் கதைதான் ஊருக்கே தெரியுமே.

என்னை மாதிரி பி.காம். ஆசாமிகள் இந்த ஊர்ப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். 1937-ல் ராஜாஜி சென்னை ராஜதானிக்குப் பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். வந்த சூட்டில், அக்டோபர் 1-ந் தேதி, மதுவிலக்கு கொண்டு வந்தார். முதலில் எந்த ஜில்லாவில்? சேலத்தில். ஓசூர் தாலுகா அன்றைக்கு சேலம் ஜில்லா! பிறந்த ஊரிலேயே கள்ளுக் கடையை மூடிய மகானுபாவர். சரி, கள்ளில் போன வருமானத்துக்கு என்ன வழி? 1939-ல் விற்பனை வரி. பொதுவாக எல்லாச் சரக்குக்கும் விற்பனை வரி என்பது இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்தச் சட்டமும், அதன் பிள்ளை பேரன்களும் எத்தனை கணக்கப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டன என்று எண்ணி மாளாது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தும் சோறு நிற்கவில்லை, தட்டுதான் மாறியது.

இதுவரை பெருமை. இனிமேல் கொஞ்சம் நெருடல்.

1952-ல் மறுபடி முதலமைச்சரானார் ராஜாஜி. அடுத்த வருஷம் ஒரு கல்வித் திட்டம் போட்டார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினம் மூணு மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் அப்பாவோடு அவர் தொழிலைப் பழக வேண்டும். ராஜாஜி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை, பணமும் இல்லை. ஒரே பள்ளிக்கூடத்தை இரண்டு ஷிஃப்ட்டாக ஓட்டினால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். தொழிலாளியின் கைவேலைக்கும் மரியாதை வரும். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. வண்ணான் பிள்ளைக்குத் துறை, நாவிதர் பிள்ளைக்குக் கத்தி, குயவர் பிள்ளைக்குச் சக்கரம் என்றால், அந்தப் பிள்ளை எப்போது வேறொன்றாக ஆவது? பெரியார் ‘குலக்கல்வி’ என்றார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தி.மு.க. தெருவில் இறங்கியது. காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராஜர் வந்தார். மே மாதமே திட்டத்துக்கு மங்களம்.

தொரப்பள்ளித் தெருவில் நின்றுகொண்டு இதை யோசித்தால் ஒரு விசித்திரம் உறைக்கிறது. 1883-லேயே இந்தத் திட்டம் இருந்திருந்தால்? காலையில் மூணு மணி நேரம் பள்ளிக்கூடம். மத்தியானம் முன்சீப் வீட்டுப் பிள்ளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தண்டல் கணக்கு எழுதப் பழகியிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாகவே எழுதியிருக்கும். தொரப்பள்ளிக்கு ஒரு அருமையான முன்சீப் கிடைத்திருப்பார். இந்தியாவுக்கு ஒரு கவர்னர் ஜெனரல் குறைந்திருப்பார்!

முன்சீப்புக்கு வசதி இருந்தது, பிள்ளையை ஓசூருக்குக் கூட்டிப் போனார். அதே நாளில் அதே ஊரில் ஆடு மேய்த்தவர் வீட்டிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை பிறந்திருக்கலாம். அதற்கு நினைவு இல்லம் இல்லை.

அந்தப் பிள்ளையின் பேரப் பேத்திகள் என்ன ஆனார்கள்? அதற்குப் பதில் சாயங்காலம் ஓசூர் ரோட்டில் நின்றால் கிடைக்கும். கம்பெனி பஸ்களை எண்ணிப் பாருங்கள். எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபெட். எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரம். அந்தக் கடிகாரக் கம்பெனி, பள்ளிக்கூடம் முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, மயிரிழை போன்ற பாகங்களைக் கோக்க வைத்தது. இப்போது உத்தனப்பள்ளிப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸில் ஐபோனுக்குப் பாகம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். எந்த வீட்டிலும் அப்பா கடிகாரம் செய்தவரில்லை, தாத்தா ஐபோன் செய்தவரில்லை. முழு நாள் பள்ளிக்கூடம் கொடுத்த கை அது.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. ரோட்டோரம் ராகிக் கொல்லையில் நின்ற பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“பையன் என்ன பண்றாருங்க?”

“பொம்மசந்திரால கம்பெனிங்க சார். நைட்டு ஷிஃப்டு. பகல்ல தூங்கறான்.”

“கொல்லையை யார் பார்ப்பாங்க?”

“நான் இருக்கற வரைக்கும் நானு. அப்புறம்...” என்றவர், கையால் எதிர்ப்பக்கம் காட்டினார். எதிரே கொல்லையில் வெள்ளைக் கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள்.

2024 ஜூனில், ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள் வந்து போகிற மாதிரி விமான நிலையம் அமைப்போம் என்று தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்புக்கு முன்னாலேயே இந்தப் பக்கம் நிலம் ஏக்கரிலிருந்து சதுர அடிக்கு மாறியாகிவிட்டது. ராகி, தக்காளி, ரோஜா விளைகிற செம்மண். குவிண்டால் கணக்கும் சதுர அடிக் கணக்கும் ஒரே பேரேட்டில் ஒத்துப்போவதில்லை.

பக்கத்தில் ஓடுகிற தென்பெண்ணைக்கும் இதே கதிதான். நந்தி மலையில் புறப்பட்டு வருகிறது. வழியில் பெங்களூர் தன் கழிவு நீரையெல்லாம் அதன் தலையில் ஊற்றி அனுப்புகிறது. கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் தண்ணீர் திறந்தால் வெள்ளை நுரை மலை மாதிரி எழும்புகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகு, மூக்கு பக்கத்தில் போனால் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் பாசனம்.

போதாக்குறைக்கு யானை. ராகி முற்றுகிற சமயம் பார்த்து, ஜவளகிரி வழியாக சானமாவுக் காடு வரைக்கும் கூட்டமாக வந்து டேரா போடும். யானைக்கு மட்டும்தான் இன்னும் ராகி மேல் பழைய பிரியம் குறையவில்லை.

அடுத்த தடவை பெங்களூர் போகும்போது நெடுஞ்சாலையை விட்டு ஒரு மணி நேரம் இறங்கித் தொரப்பள்ளிக்குப் போய் வாருங்கள். நினைவு இல்லத்தைப் பாருங்கள், தாராளமாக. அப்படியே அந்த ஊர்ப் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. வெளியே ஓடி வருகிற பிள்ளைகளிடம் ‘என்னவாகப் போறே?’ என்று கேட்டுப் பாருங்கள். மூணு பாஷையில் பதில் வரும். அப்பா தொழிலைச் சொல்கிற பிள்ளை எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.