விருந்தினர் கடனும் வீட்டார் கடனும்



விருந்து என்னும் சொல்லை இன்று நாம் உணவுக்கே பெரிதும் வழங்குகிறோம். ஆயின் அச்சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியம் புதிதாக யாக்கப்படும் செய்யுளுக்கும் அப்பெயரைச் சூட்டியுள்ளது. எனவே, முன்பின் அறியாது புதிதாக வந்தவரே பண்டைத் தமிழர்க்கு விருந்தினர். இல்வாழ்வான் பேண வேண்டியோரை எண்ணுமிடத்துத் திருவள்ளுவரும் விருந்தினரையும் உறவினரையும் வெவ்வேறாகவே வைத்தார். விருந்தோம்பலுக்கென ஒன்பதாம் அதிகாரத்தை வகுத்து, மோந்தால் வாடும் அனிச்சமலரினும் விருந்தினர் உள்ளம் மெல்லியது, முகம் மாறி நோக்கினாலே வாடிவிடும் என்று முடித்தார். விடைபெறும் பொருநன் பின்னே கரிகாலன் ஏழடி நடந்து சென்று வழியனுப்பினான் என்கிறது பொருநராற்றுப்படை.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாயிலிலே சங்கடப்படலை என்றொன்று இருந்தது. கூரையிட்ட அப்படலையின் இருமருங்கும் திண்ணை உண்டு. வழிப்போக்கர் எவரையும் கேளாது அங்கே அமர்ந்து இளைப்பாறலாம்.

இப்பண்பின் அருமையை நான் நூலில் கற்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். செம்மணி, நாவற்குழி வழியாக மழையில் நடந்து தென்மராட்சியை அடைந்தோம். அப்போது நான் பள்ளி மாணவன். சாவகச்சேரிக்கு அண்மையில், எம்மை அறியாத ஓர் அம்மையார் தம் வீட்டைத் திறந்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் மூன்று குடும்பங்கள் அங்கே வாழ்ந்தோம். "எப்போது போவீர்கள்?" என்ற வினா அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. என் தந்தையாரோ, வீட்டார் விழிக்குமுன் கிணற்றில் நீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிடுவார். ஒருவரும் சொல்லாமலே இரு சாராரும் தத்தம் கடனை அறிந்திருந்தனர்.

இந்நாட்டிலே நிலைமை வேறு. நியூ ஜேர்சியில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்கின்றனர். ரொறன்ரோவிலிருந்து உறவினர் எட்டு ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வருகின்றனர். ஆகவே சில முறைகளை வெளிப்படையாகவே வகுத்துக்கொள்வது நன்று.

விருந்தினர், வரும் நாளை மட்டுமன்றித் திரும்பும் நாளையும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். உண்ணாத உணவு எது, உட்கொள்ளும் மருந்து எது என்பதையும் சொல்லிவிடுக. வாயிலில் காலணியைக் கழற்றுக. குளியலறைத் தரையை ஈரமின்றி விடுக. உண்ட தட்டைத் தாமே கழுவுக. வீட்டுப் பிள்ளைகளின் உடல் பருமனையோ, தேர்வுப் புள்ளிகளையோ, தமிழ் உச்சரிப்பையோ பிறர் முன் எடை போடாதிருத்தல் பேருதவி.

வீட்டார், படுக்கையையும் துவாயையும் முதல்நாளே காட்டிவிடுக. கேட்டுப் பெறும் கூச்சத்தை அவர்க்கு அளித்தல் ஆகாது. விடுமுறை எடுக்க இயலாவிடின் அதனை மறையாது கூறுக. பல வகைக் கறிகள் சமைத்துச் சலித்த முகம் காட்டுவதினும், சோறும் பருப்பும் இட்டு உடனமர்ந்து உண்பதே மேல்.

இங்கு வளரும் பிள்ளைகட்கு ஒன்றை விளக்க வேண்டும். நம் முதியோர் முதன்முறை "வேண்டாம்" என்பது மறுப்பன்று, நாணம். இருமுறை, மும்முறை கேட்டபின்னரே ஏற்பர். அமெரிக்கப் பழக்கத்திலோ முதல் மறுப்பே முடிவாகும். ஊரிலிருந்து வந்த பாட்டி தேநீர் வேண்டாமென்றதும் பேரன் திரும்பிவிட, பாட்டி தாகத்தோடு இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மாணவரே, இன்னொரு முறை கேளுங்கள். முதியோரே, இங்கே முதல் அழைப்பிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சியைச் சூழ்ந்தபோது, அவ்வம்மையார் இடம்பெயர்ந்து எங்கள் வீட்டை வந்தடைந்தார். மறுநாள் விடியுமுன் முற்றம் பெருக்கும் ஓசை கேட்டு எழுந்தேன். பெருக்கியவர் அவரே. தடுக்கச் சென்ற என்னைத் தந்தையார் கைகாட்டி நிறுத்தினார்.

இன்று வீட்டாராய் இருப்பவர் நாளை விருந்தினராவர். அதனாலன்றோ நம் முன்னோர் விடைபெறும்போது "போகிறேன்" என்னாது, "போய் வருகிறேன்" என்றனர்!